ராஜாவுக்குத் தைப்பது எளிது

நாடக உடை தைக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் கிரீடத்தையும் வெல்வெட் அங்கியையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் அந்த மினுமினுப்பைப் பார்த்து மயங்கித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். ஆனால் இத்தனை வருடம் தைத்தும் சொல்லிக்கொடுத்தும் வந்த பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்வேன். மேடையில் ராஜாவுக்கு உடை தைப்பது எளிது. விடியற்காலையில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கப் போகும் ஒரு பெண்ணுக்குத் தைப்பதுதான் கஷ்டம்.

அரிச்சந்திரனை நேரில் பார்த்தவர் கூட்டத்தில் யாரும் இல்லை. நாம் எதை மாட்டி அனுப்பினாலும் அவன்தான் அரிச்சந்திரன். மரம் வெட்டியவர்களோ முன்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். தலைத்துண்டு கட்டிய விதம் சரியில்லை என்றால் அந்த நிமிடமே நாடகத்தை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். எழுந்து போக மாட்டார்கள், மரியாதைக்கு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் முகத்தில் தெரிந்துவிடும்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அம்மாவுக்குப் பால்மரம் வெட்டும் வேலை. அப்பாவுக்குப் பாலை உறைய வைக்கும் ஸ்டோரில் வேலை. என் தாய்மாமாதான் தோட்டத்து நாடகக் குழுவின் பெட்டிக்குப் பொறுப்பு. மாரியம்மன் திருவிழா நெருங்கினால் அந்தத் தகரப் பெட்டி திறக்கும். ராஜபார்ட் அங்கி, ஸ்திரீபார்ட் புடவை, பபூனின் தொளதொளக் கால்சட்டை, அட்டையில் தங்கத்தாள் ஒட்டிய கிரீடம், கண்ணாடிக்கல் பதித்த மார்புப் பதக்கம். பாச்சை உருண்டை வாசனையும் பழைய வேர்வை வாசனையும் கலந்து வரும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மூன்றாவது வீட்டில் இருப்பவர்தான் ராஜா, வெளிக்காட்டு வேலை செய்பவர்தான் ராணி. ஸ்திரீபார்ட் போடுகிறவருக்கு மார்புக்குள் வெறும் பஞ்சு வைத்தால் நடக்கும்போது அசைவு பொய்யாகத் தெரியும் என்று மாமா சின்னத் துணிப்பையில் அரிசி நிரப்பித் தைத்து வைப்பார். கனம் இருந்தால்தான் உடம்பு அதற்கேற்ப நடக்கும் என்பார். நாடகக் கல்லூரிகளில் இன்று சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. மாமா யாரிடம் கற்றாரோ தெரியவில்லை.

திருவிழா முடிந்ததும் வெல்வெட்டை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, நிழலில் காயப்போட வேண்டும். வெயிலில் போட்டால் சாயம் வெளுத்துவிடும். பெட்டிக்குள் நேராக மடித்து வைத்தால் மடிப்பு விழுந்த இடத்தில் மயிர் நசுங்கிக் கோடாக நிற்கும், அதனால் பழைய துணியைச் சுருட்டி மடிப்புக்குள் வைக்க வேண்டும். என் முதல் பாடமெல்லாம் இதுதான்.

அந்த வெல்வெட் எங்கிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்தது என்று பிற்பாடு தேடிப் படித்தேன். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பம்பாயில் பார்சி நாடகக் கம்பெனிகள் தலையெடுத்தன. ஓவியத் திரை, வெல்வெட், ஜரிகை, தந்திரக் காட்சி என்று பகட்டோடு ஊர் ஊராகப் போயின. தமிழ்நாட்டுக் கம்பெனி நாடகங்கள் அந்தப் பகட்டை வாங்கிக்கொண்டன. அதே பார்சிக் கம்பெனிகள் கப்பலேறிப் பினாங்குக்கும் வந்தன. அவற்றைப் பார்த்துத்தான் அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகம் உருவானது. பங்சாவான் ராஜா ஒருவரின் பழைய படத்தையும் எங்கள் ராஜபார்ட் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கியின் வெட்டிலும், மார்பில் ஜரிகை இறங்கும் விதத்திலும், தோளில் தொங்கும் குஞ்சத்திலும் பங்காளி வீட்டு ஜாடை இருக்கும். என் மலாய் மாணவர்களுக்கும் தமிழ் மாணவர்களுக்கும் முதல் வகுப்பிலேயே இதைக் காட்டிவிடுவேன். அப்புறம் யாருடைய கலை யாருடையது என்ற பேச்சுக்கு வேலையே இல்லை.

அந்தச் சமிக்கி வேலை எல்லாம் கேஸ் லைட்டுக்காகச் செய்தது. இன்றைய மேடை விளக்கோடு பார்த்தால் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் மங்கல், அதிலும் கொஞ்சம் துடிக்கும். அந்தத் துடிப்பில் சமிக்கி மின்னி மின்னி அடங்கும். கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் ராஜா எங்கே நிற்கிறான் என்று தெரிந்துவிடும். அதே அங்கியை இன்றைய எல்இடி விளக்குக்குக் கீழே நிறுத்தினால் கண் கூசும், முகம் காணாமல் போகும். வெளிச்சத்தைப் பார்க்காமல் துணி வாங்காதே என்று மாணவர்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

என் வேலைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் ஒரு தையல்கடையில் ரவிக்கை தைத்துப் பழகினேன். பிறகு கோலாலம்பூர் போய் நாட்டிய நாடகங்களுக்குத் தைத்தேன். அங்கிருந்து மேடை நாடகம், பள்ளி விழா, கோயில் விழா. ஒரு கலைக்கல்லூரியில் பகுதிநேரமாகச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள், பல வருடம் அங்கே இருந்தேன். இப்போது ஊர் திரும்பி, ஒரு கடைவீட்டு மாடியில் வகுப்பு நடத்துகிறேன். கீழே மளிகைக்கடை. மழை பெய்தால் மிஷின் சத்தம் கேட்காது.

நாட்டிய உடையிடம் நான் பட்ட கடன் பெரியது. பரதநாட்டியத்தின் தைத்த உடை ஆதியிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ருக்மிணி தேவி 1935இல் மேடையேறிய காலத்தை ஒட்டி வந்த மாற்றம் அது. காசான் என்ற இத்தாலியத் தையல்கலைஞர் அவருக்கு உதவியாக இருந்தார். புடவையைப் பிரித்து, கால்சட்டையாகவும் முன்விசிறியாகவும் மேலாக்காகவும் தைத்தால் ஆடுகிறவருக்கு அரைமண்டியில் முழுச் சுதந்திரம் கிடைக்கும். விசிறி மடிப்பு முழங்கால் விரியும்போது விரிந்து, எழும்போது தானாக மூடிக்கொள்ளும். பழைய நாட்டிய உடை ஒன்றை மாணவர்கள் கையில் கொடுத்து ஒவ்வொரு தையலாகப் பிரிக்கச் சொல்வேன். பிரித்து முடித்தால் ஒரு புடவையின் துண்டுகள் கிடைக்கும். அதைத் திரும்பவும் தைக்க வேண்டும். உடை என்பது உடம்பு செய்யப்போகும் வேலையிலிருந்து பிறக்கிறது என்று நான் வாயால் விளக்க வேண்டியதே இல்லை.

சரி, பால்மரம் வெட்டும் பெண்ணுக்கு வருகிறேன்.

தோட்ட வாழ்க்கையைப் பற்றிய நாடகம் ஒன்றுக்கு உடை கேட்டு வந்தார்கள். ஏற்பாட்டாளர் நல்ல மனிதர்தான். "நல்லா கிழிசல் போடுங்க டீச்சர், அங்கங்க ஒட்டுப் போடுங்க, அப்பதான் பார்க்கிறவங்களுக்குப் பாவமா இருக்கும்" என்றார். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். எங்கள் அம்மாக்கள் யாரும் பாவமாக இருக்க வேண்டும் என்று உடுத்தவில்லை. வேலைச் சட்டை கிழிந்தால் அன்றைக்குச் சாயங்காலமே அதே நிற நூலைத் தேடித் தைத்துவிடுவார்கள். கலர் கலராகச் சதுர ஒட்டுப் போட்ட சட்டையைத் தோட்டத்தில் நான் பார்த்ததே கிடையாது. அது கார்ட்டூன் ஏழையின் சட்டை.

அப்படியானால் உண்மையில் எது கிழியும்? எங்கே கறை படும்? இதைத் தேடிப் போனபோதுதான் ஒரு பெரிய பள்ளம் தெரிந்தது. தோட்டத்து மக்களின் பழைய படங்களில் எல்லாரும் தீபாவளிச் சட்டையில், கல்யாணப் புடவையில் இருக்கிறார்கள். படம் எடுப்பது என்றால் நல்ல துணி உடுத்திக்கொள்வதுதானே வழக்கம். பீரோவில் பட்டுப்புடவை பத்திரமாக இருக்கும். வேலைச் சட்டையோ கிழிந்ததும் கரித்துணி ஆகிவிடும், அதற்கப்புறம் அடுப்புக்குப் போய்விடும். வெள்ளைக்காரர்கள் எடுத்த படங்களில் வேலைக்காரர்கள் உண்டு, ஆனால் அவர்களும் பெரும்பாலும் கேமராவுக்காக வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள். மூன்று தலைமுறை தினமும் உடுத்திய உடை ஒன்றுகூட எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

அதனால் எங்கள் பழைய லயத்தில் இருந்து இப்போது தாமானில் (புது வீடமைப்புப் பகுதியில்) மகன் வீட்டில் இருக்கும் ஒரு பெரியம்மாவைப் போய்ப் பார்த்தேன். எண்பதைத் தாண்டியவர், கை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. உடை எப்படி இருக்கும் பெரியம்மா என்று கேட்டால் "என்னத்த இருக்கும், பழைய கைலி, உங்க பெரியப்பா சட்டை" என்று முடித்துவிடுவார். கேள்வி கேட்டுப் பயனில்லை என்று புரிந்தது. அடுத்த தடவை வெளுத்த காடாத்துணியில் கைலியும் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் இடுப்புப்பையும் தைத்து எடுத்துப் போனேன். அவருக்கு மாட்டிவிட்டு, இரண்டு கையிலும் நீலச் சாக்பீஸ் தூளைப் பூசினேன். கையில் உளிக்குப் பதில் ஒரு மரக்கரண்டி. வீட்டு முன்னால் இருந்த ரம்புத்தான் மரத்தைப் பால்மரமாக நினைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள் என்றேன்.

முதலில் சிரித்தார். "என்னடி ஆயி இது கூத்து?" என்றார். அப்புறம் மரத்தடியில் நின்றதும் உடம்புக்கு ஞாபகம் வந்துவிட்டது. வெட்டுக்கோட்டில் காய்ந்திருக்கும் கோட்டுப்பாலை இடது கையால் இழுத்து உரித்து, இடுப்பில் கட்டிய பைக்குள் போட்டார். குனிந்து, இடமிருந்து வலமாகச் சரிவாகச் சீவிக்கொண்டே மரத்தைச் சுற்றி நகர்ந்தார். பால் வடியும் கிண்ணமான மங்கைத் திருப்பி உள்ளங்கையால் துடைத்து வைத்தார். அடுத்த மரத்துக்கு நடந்தார், அங்கே மரமே இல்லை, ஆனாலும் நின்றார். பிறகு பால் எடுக்கும் வேலை. மங்கை வாளியில் கவிழ்த்து, விரலால் வழித்து ஊற்றி, அந்த விரலை எங்கே துடைத்தார் தெரியுமா? முன்மடியில் இல்லை. வலது தொடையின் பின்பக்கம், பிட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒவ்வொரு தடவையும் அதே இடம். ஏன் அங்கே என்று கேட்டேன். "முன்னால துடைச்சா குனியறப்ப கைலி தொடையோட ஒட்டிக்கும்லா" என்றார்.

துணியைக் கழற்றி விரித்துப் பார்த்தால் நீலத்தில் முழு வரைபடம் இருந்தது. வலது தொடையின் பின்னால் கெட்டியாக ஒரு திட்டு. இடது இடுப்பில், கோட்டுப்பால் பையைச் சுற்றி ஒரு வளையம். வலது முன்கையில் மணிக்கட்டிலிருந்து நாலு விரற்கடை. காதுக்கு மேலே தலைத்துண்டில் ஒரு தீற்றல், கொசு கடித்து அடித்த இடம். இதில் எதையும் நான் யோசித்தே கண்டுபிடித்திருக்க முடியாது. சட்டை நைந்துபோகும் இடமும் அப்படித்தான் தெரிந்தது. முழங்கையில் இல்லை, தோளில். இரண்டு வாளியைக் காண்டா என்ற தோள்கம்பில் தொங்கவிட்டுச் சுமந்தால் கம்பு உட்காருகிற இடம். அங்கே உள்பக்கமாக இன்னொரு துணி கொடுத்துத் தைத்திருப்பார்கள், வெளியே தெரியாது. நாடகத்துக்குத் தைத்த சட்டைகளில் அந்த உள்துணியையும் கொடுத்தேன். பார்வையாளர் கண்ணுக்குப் படாது என்றாலும் நடித்த பெண் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மேடையேறினாள். காண்டா அந்த இடத்தில் தானாக உட்கார்ந்தது.

பால்கறையை எப்படிக் கொண்டுவருவது என்பது தனி வேலை. பால் துணியில் பட்டால் முதலில் வெள்ளை. காய்ந்தால் கண்ணாடி மாதிரி மஞ்சள். அழுக்கு ஏறி, நாளாக நாளாகப் பழுப்பு, அப்புறம் கறுப்பு. துவைத்தால் போகாது, துணியோடு ஒன்றாகிவிடும். நிஜப் பாலையே பூசலாம்தான், ஆனால் நம் ஊர் வெக்கையில் பெட்டிக்குள் வைத்தால் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் துணிச்சாயத்தில் வெள்ளைப் பசை கலந்து அடுக்கடுக்காகப் பூச வேண்டும். பழையது அடியில், புதியது மேலே. கறுப்பைத் தொட்டுக்கொண்டு பழுப்பு, அதன் நடுவில் இன்றைக்குப் பட்ட ஒரு சொட்டு வெள்ளை. அந்த வெள்ளைச் சொட்டுதான் அந்தப் பெண் இன்று காலையும் வேலைக்குப் போனாள் என்று சொல்லும்.

வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும். மரத்தில் பால் நன்றாக ஓடுவது விடியும் முன்பு, குளிர்ச்சியில். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் வெட்டும் காட்சி என்றாலே மேடையில் நீல வெளிச்சம். நீலத்தில் பழுப்பும் சிவப்பும் கறுத்துப் போகும், வெள்ளை மட்டும் தனியாக எரியும். தலைத்துண்டு சுத்த வெள்ளையாக இருந்தால் ஆள் தெரியாது, ஒரு துண்டு மட்டும் அந்தரத்தில் அலையும். தேயிலைச் சாயத்தில் முக்கி எடுத்தால் சரியாகும். நெற்றி விளக்கு இன்னொரு தொல்லை. அது எதிரில் இருப்பவர் கண்ணைப் பறிக்கும், போட்டிருப்பவரின் முகத்தை இருட்டாக்கும். விளக்கைக் கீழே சாய்த்து, எதிரில் நிற்கும் மேடை மரத்தின் வெட்டுப்பட்டையை வெளிறிய நிறத்தில் பூசினால் வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பும். நிஜத்திலும் அப்படித்தான், மரம்தான் அம்மாவின் முகத்துக்கு வெளிச்சம் காட்டியது.

சயாம் மரண ரயில் பற்றிய நாடகத்துக்கு உடை செய்தது இதைவிடப் பாரமான வேலை. 1942இலும் 1943இலும் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். ஏராளமானவர்கள் திரும்பவில்லை என்பதை எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு பெயரோடு சொல்லும். அந்தக் காலத்தில் துணிக்குக் கடும் பஞ்சம், கோணிச்சாக்கை உடுத்தினார்கள். இன்றைக்கு அரிசி வருவதெல்லாம் பிளாஸ்டிக் சாக்கில். நல்ல சணல் சாக்கு கிடைக்கவே அலைய வேண்டியிருந்தது. கிடைத்ததை அப்படியே நடிகர் மேல் போட்டால் முதல் காட்சியிலேயே உடம்பெல்லாம் தடித்துவிடும். கொதிக்க வைத்து அலசி, காய்ந்ததும் மேலே நிற்கும் பிசிறை நெருப்பில் லேசாகக் காட்டிப் பொசுக்கி, உள்ளே மெல்லிய பருத்தியை நடிகரின் தோல் நிறத்திலேயே சாயம் போட்டு வைத்துத் தைத்தேன். கழுத்துக்கும் கைக்கும் வெட்டிய ஓட்டையை மட்டும் ஓரம் அடிக்காமல் விட்டேன். ஓரம் அடிக்க அவர்களிடம் நூல் இருந்திருக்காது.

இந்த வேலைகளில் காசு குறைவு. கல்யாண ரவிக்கை தைத்தால் ஒரு வாரத்தில் கிடைப்பது நாடகத்தில் ஒரு மாதத்தில் கிடைக்காது. பழைய துணி விற்கும் பண்டல் கடைகளில் குவிந்திருக்கும் சட்டைகளில் தேடுவது என் மாணவர்களுக்குக் கட்டாயப் பாடம். புதுத் துணியைப் பழசாக்குவதைவிட, யாரோ உடுத்தித் தோய்த்து மெலிந்த பருத்தி மேடையில் எவ்வளவோ உயிரோடு இருக்கும். மிஷினில் வேகமாக ஓட்டத் தெரிந்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். நான் எதிர்பார்ப்பது அதைவிட, கடைத்தெருவில் ஒருவர் சட்டையின் எந்தப் பக்கம் நைந்திருக்கிறது என்று கவனிக்கும் கண்.

வகுப்பில் தைத்து முடித்த எந்த உடையையும் தைத்தவரே உடுத்திக் குந்த வேண்டும், ஓட வேண்டும், மாடிப்படி ஏறி இறங்க வேண்டும், தரையில் படுத்து எழ வேண்டும். அளவு எடுக்கும்போது நடிகர் நிமிர்ந்து நிற்பார். நாடகத்தில் யாரும் நிமிர்ந்தே நிற்பதில்லை. அக்குளில் ஒரு சின்ன சாய்சதுரத் துண்டு சேர்த்தால் கை தூக்கும்போது சட்டை மொத்தமும் மேலே இழுக்காது. இந்தத் துண்டைச் சரியாக வைக்கத் தெரிந்துவிட்டால் பாதித் தொழில் கையில் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவசர உடைமாற்றத்துக்கு வெல்க்ரோ வேண்டாம் என்பது என் பிடிவாதம். அமைதியான காட்சியில் பின்னால் இருந்து அது கிழிகிற சத்தம் கேட்டால் எல்லாம் போச்சு. பெரிய கொக்கியும் பிரஸ் பட்டனும் போதும், இருட்டில் விரலால் தேடிப் பிடிக்கலாம்.

மாணவர்களைக் கோலகங்சார் கூட்டிக்கொண்டு போவதும் உண்டு. 1877இல் அங்கே நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. போனவர்கள் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் பட்டையைத் தடவச் சொல்வேன். இந்தப் பட்டைமேல் நம் சட்டை தினமும் உரசியது என்று சொன்னால், அடுத்த வகுப்பில் அவர்கள் தைக்கும் சட்டைக் கையின் மேல்துணியைத் தாங்களே கெட்டியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எங்களைச் சுற்றியிருந்த தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் எண்ணெய்ப் பனையான செம்பனைக்கு மாறியும் போய்விட்டன. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி. என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் பால்மரம் வெட்டுவதைப் பார்த்ததே இல்லை. இனிமேல் தோட்டத்தைப் பற்றி நாடகம் போடப்போவது அவர்கள்தான், அவர்கள் கையில் நான் கொடுக்கக்கூடியது அந்த நீலச் சாக்பீஸ் கறை படிந்த காடாத்துணிதான். அதைத் துவைக்காமல், மடிக்காமல், உருளையில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வகுப்பும் அதை விரித்துவைத்து, பெரியம்மா கை போன வழியைக் காகிதத்தில் படியெடுக்கும்.

ஆனால் அது ஒருவருடைய உடம்புதான். இடதுகைக்காரர்கள் எங்கே துடைத்தார்கள்? வெளிக்காட்டில் மருந்து அடித்தவர்கள் முகத்தை எப்படிக் கட்டினார்கள்? ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்த பாட்டியின் புடவைத் தலைப்பு எந்த முனையில் நைந்திருக்கும்? ஸ்டோரில் ஆசிட் தெறித்த சட்டை எப்படிப் பொத்தல் விழும்? எங்கள் அப்பாவின் சட்டை ஒன்றுகூட என்னிடம் இல்லை. உங்கள் வீட்டில் பழைய வேலைத் துணி ஏதாவது, ஒரு கிழிந்த தலைத்துண்டாக இருந்தாலும், மூட்டைக்குள் கிடந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். உடுத்தியவர் உயிரோடு இருந்தால் அவரிடம் ஒவ்வொரு கறையையும் கைவைத்துக் கேட்டு எழுதிவையுங்கள். சுங்கை சிப்புட் பக்கம் வந்தால் காட்டுங்கள், அளவெடுத்துப் படியெடுத்துக்கொண்டு துணியை உங்களிடமே திருப்பித் தந்துவிடுவேன். தயவுசெய்து துவைத்துக் கொண்டுவராதீர்கள்.